ஸ்டார்காஸ்டர் மறுவெளியீடு: பாடி பெரிதா, பிக்கப் மந்தமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஃபெண்டர் ஸ்டார்காஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரின் 2013 மறுவெளியீடு ஒன்று பழையதாக விலைக்கு வருகிறது. இதுவரை வாசித்ததெல்லாம் டெலிகாஸ்டர் (ஃபெண்டரின் தட்டையான முழுமரக் கிட்டார்). வாசித்துப் பார்த்த நண்பர்களில் ஒருவர் "பாடி ரொம்பப் பெரிது, மடியில் உட்காராது" என்கிறார். இன்னொருவர் "பிக்கப் மந்தம், வாங்கினதும் மாற்றியே ஆகணும்" என்கிறார். வாங்கலாமா, வாங்கினால் எதை முதலில் மாற்றுவது?

பாடியைப் பற்றிய புகாரைப் பாதி நம்புங்கள். பிக்கப்பைப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்) பற்றிய புகார் உண்மை, ஆனால் அந்த மந்தத்துக்கு முழுப் பொறுப்பும் பிக்கப் மீது இல்லை. பாட்கள் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடையான பொட்டென்ஷியோமீட்டரை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்), பிக்கப்பின் உயரம், கேபிள் ஆகிய மூன்றையும் சரிசெய்யாமல் புது பிக்கப் வாங்குகிறவர்கள் பெரிய தொகை செலவழித்துவிட்டு அதே மந்தத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 2000களில் ஃபெண்டர் "ஸ்டார்காஸ்டர்" என்ற பெயரை ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் வந்த மலிவான ஆரம்பநிலை கிட்டார்களுக்கு ஒட்டியது. ஆம்ப், பை எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் விற்றவை அவை. பழைய விலைப் பட்டியல்களில் தேடினால் இவையும் கலந்து வரும். நாம் பேசுவது 1976ல் வந்த அரைப்பொள்ளல் (உள்ளே பாதி வெற்றிடமான) கிட்டார் பற்றி: இடுப்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, எஃப் வடிவத் துளைகளும் ஒட்டுப்பலகை மேப்பிள் பாடியும் திருகால் பொருத்திய மேப்பிள் நெக்கும் கொண்டது. வடிவமைத்தவர் ஜீன் ஃபீல்ட்ஸ். சரியாக விற்கவில்லை. 1980களின் தொடக்கத்திற்குள் போய்விட்டது. பின்னால் ரேடியோஹெட்டின் ஜானி கிரீன்வுட் கையில் பார்த்த பிறகுதான் பலர் தேட ஆரம்பித்தார்கள். 2013ல் சீனத் தயாரிப்பாக மறுவெளியீடு வந்தது. சில ஆண்டுகள் கழித்து ஸ்குவையர் கிளாசிக் வைப் வரிசையிலும் வந்தது. கீழே சொல்வதில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொருந்தும்.

பாடி ஏன் அந்த அளவு என்பதற்குப் பின்னணி உண்டு. கிப்ஸன் 1958ல் இ.எஸ். 335ஐக் கொண்டுவந்தது. மெல்லிய பொள்ளல் பாடி, நடுவில் நெடுக ஒரு மரக்கட்டை. அந்தக் கட்டைதான் முழு யுக்தி. பிரிட்ஜும் பிக்கப்பும் அதன் மேல் உட்காருவதால் மேல்பலகை தன்னிஷ்டத்துக்கு அதிராது, ஃபீட்பேக் (ஆம்பின் ஒலியே கம்பியை அதிரவைத்து எழும் ஊளை) அடங்கும். ஃபெண்டர் 1966ல் கொரனாடோவை இறக்கியது. அதில் நடுக்கட்டை கிடையாது. கொஞ்சம் ஒலியளவை ஏற்றினாலே ஊளையிடும். பத்து வருடம் கழித்து ஸ்டார்காஸ்டரில் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு நடுக்கட்டை வைத்தார்கள். ஆக இது 335க்குப் போட்டியாகச் செய்த கிட்டார். அளவும் அந்த வகையறாதான்.

335ன் கீழ்ப்பகுதி அகலம் 16 அங்குலம், விளிம்புத் தடிமன் 1.75 அங்குலம். டெலிகாஸ்டரின் அகலம் 13 அங்குலத்தை ஒட்டி. நீங்கள் உணரப்போகும் வித்தியாசம் இந்த மூன்று அங்குலத்தில் இருக்கிறது. தடிமனில் இல்லை. டெலிகாஸ்டரும் ஏறத்தாழ அதே 1.75 அங்குலம்தான். ஆனால் டெலிகாஸ்டரின் மேல்பலகை தட்டை. இங்கே நடுவில் குவிந்திருக்கும். அதனால் வலது முன்கை இன்னும் வெளியே போகும், தோள் கொஞ்சம் தூக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசிக்கும்போதுதான் இது தெரியும். கடையில் ஐந்து நிமிடத்தில் தெரியாது.

மடியில் உட்காராது என்று நண்பர் சொன்னதற்குக் காரணம் அகலத்தைவிட அந்தச் சாய்ந்த இடுப்பு. வழக்கமான கிட்டாரில் இரண்டு பக்க இடுப்பும் எதிரெதிரே இருக்கும். இதில் கீழ் இடுப்பு தள்ளி இருப்பதால், வலது தொடையில் வைத்தால் கிட்டார் முழுதும் இடது பக்கம் நகரும், முதல் ஃப்ரெட் கைக்கு எட்டாத தூரத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். இதே மாதிரிச் சாய்ந்த இடுப்புள்ள ஜாஸ்மாஸ்டர் கிட்டாரை வாசித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். கிளாசிக்கல் முறையில் இடது தொடைக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது உட்கார்ந்திருக்கும்போதும் ஸ்ட்ராப்பை மாட்டிக்கொள்ளுங்கள். பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அப்படியும் முன்கை மரத்துப்போனால் அது உங்கள் உடல்வாகுக்குப் பொருந்தாத கிட்டார். அதை எந்த மாற்றமும் சரிசெய்யாது.

விலை பேசுவதற்கு முன்னால் ஒரு வீட்டுச் சோதனை: தடித்த அட்டையில் 16 அங்குல அகலத்துக்கு ஒரு வட்டத் துண்டு வெட்டி, உங்கள் டெலிகாஸ்டரின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் வாசியுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் முழங்கை எங்கே இடிக்கிறது என்பதை இதைவிடச் சுலபமாகத் தெரிந்துகொள்ள வழியில்லை.

நீளம் இன்னொரு கணக்கு. 335ன் ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்) 24.75 அங்குலம், ஸ்டார்காஸ்டருடையது ஃபெண்டரின் வழக்கமான 25.5. ஒரே தடிமன் கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இரண்டுக்கும் நடுவே சுமார் 6 சதவீதம் வித்தியாசம் வரும். 335ல் 11 செட் (மெல்லிய கம்பி 0.011 அங்குலத் தடிமன்) போட்டுப் பழகியவருக்கு இது விறைப்பாகத் தெரியும். டெலிகாஸ்டரிலிருந்து வரும் உங்களுக்கு எதுவும் மாறாது. உங்கள் 10–46 செட்டையே போடுங்கள். பிங்கர்போர்டின் ஆரம் மறுவெளியீட்டில் 9.5 அங்குலம். அதிலும் புதிதாகப் பழக வேண்டியது எதுவும் இல்லை.

சுருதி ஏற்றும் ஆறு முறுக்காணிகளும் ஒரே பக்கத்தில் உள்ள பெரிய ஹெட்ஸ்டாக், நீளமான மேப்பிள் நெக், உள்ளே காற்றடைத்த பாடி. இந்த மூன்றும் சேர்ந்தால் கையை விட்டவுடன் நெக் கீழே சரியப் பார்க்கும். நைலான் ஸ்ட்ராப் வழுக்கும். உள்பக்கம் சொரசொரப்பான தோல் வைத்த 6 அல்லது 7 சென்டிமீட்டர் அகல ஸ்ட்ராப் போட்டால் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கேஸ் வாங்கும்போது கவனம்: டெலிகாஸ்டர் கேஸில் அகலம் போதாது. 335 கேஸை நம்பி வாங்காதீர்கள், அதில் நீளமும் சாய்ந்த இடுப்பும் இடிக்கலாம். மொத்த நீளம், கீழ் அகலம், மேல் அகலம், பிரிட்ஜோடு சேர்த்த உயரம் ஆகிய நான்கையும் டேப் வைத்து அளந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி பிக்கப். இங்கேதான் விஷயம் கனமானது.

ஹம்பக்கரை (இரைச்சலை அடக்க இரண்டு சுருள் வைத்த பிக்கப்) கிப்ஸனுக்காக உருவாக்கிய சேத் லவர் 1967ல் ஃபெண்டருக்கு மாறினார். அங்கே அவர் செய்ததுதான் வைட் ரேஞ்ச் என்ற பிக்கப். 1970களின் தொடக்கத்தில் டெலிகாஸ்டர் தின்லைன், கஸ்டம், டீலக்ஸ் ஆகியவற்றிலும், பிறகு ஸ்டார்காஸ்டரிலும் இது வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஹம்பக்கரைவிடப் பெரிய உலோக மூடி, அதில் மூன்று திருகுகள் ஒரு பக்கம், மூன்று எதிர்ப்பக்கம். உள்ளே நடப்பது வேறு. கிப்ஸன் வகை ஹம்பக்கரில் காந்தம் ஒரு பட்டை, சுருள்களுக்கு அடியில் கிடக்கும். மேலே தெரியும் திருகுகள் வெறும் இரும்பு, காந்தப்புலத்தை மேலே கொண்டுவரும் வேலை மட்டும் அவற்றுக்கு. பழைய வைட் ரேஞ்சில் ஒவ்வொரு திருகும் தானே காந்தம். சுருளுக்கு ஆறாக மொத்தம் பன்னிரண்டு. அவற்றில் பாதிதான் மேலே தெரியும்.

காந்தத்தில் திருகு வெட்டுவது எளிதில்லை. பிக்கப்களில் வழக்கமாக வைக்கும் ஆல்னிகோ காந்தம் உடையும், மரை போட வராது. லவர் குனிஃபே என்ற கலவையை எடுத்தார். ஏறத்தாழ 60 பங்கு செம்பு, 20 பங்கு நிக்கல், 20 பங்கு இரும்பு. வளையும், வெட்ட வரும், மரை போடலாம். காரின் வேகமானி போன்ற கருவிகளில் புழங்கிய உலோகம் அது. அந்தத் தேவை குறைந்ததும் குனிஃபே கிடைப்பதே அரிதானது, பிக்கப்பும் நின்றது.

ஒலியில் இதற்கு என்ன விளைவு? இரும்பு, சுருளின் இண்டக்டன்ஸை (மேல்சுருதியை மட்டுப்படுத்தும் மின் குணம்) நன்றாக ஏற்றும். குனிஃபே அந்த அளவுக்கு ஏற்றாது. அதனால் மின்தடை 10 கிலோ ஓமுக்கு மேல் இருந்தும் பழைய வைட் ரேஞ்ச் தெளிவாக, மேல்சுருதி திறந்து, பெரிய ஒற்றைச் சுருள் பிக்கப் போலப் பேசும். தாழ்ந்த கம்பியில் பியானோ போன்ற ஒரு கணீர் இருக்கும்.

மறுவெளியீடுகளில் பெரிய மூடி மட்டுமே பழையது. உள்ளே சாதாரண அளவு ஹம்பக்கர், அடியில் பட்டைக் காந்தம், மேலே இரும்புத் திருகு, சுற்றியுள்ள காலி இடத்தில் மெழுகு. 2020க்கு முன் வந்த ஃபெண்டர் மறுவெளியீடுகளில் இதுதான் வழக்கம். 1972 டெலிகாஸ்டர்களின் மெக்ஸிகோ மறுவெளியீடுகளிலும் இதே கதை. 2020ல் அமெரிக்கன் ஒரிஜினல் வரிசையின் 70கள் டெலிகாஸ்டர் கஸ்டமோடுதான் ஃபெண்டர் மீண்டும் உண்மையான குனிஃபே செய்ய ஆரம்பித்தது. 2022ன் அமெரிக்கன் வின்டேஜ் 2 வரிசையிலும் அது தொடர்ந்தது.

விற்பவர் "உள்ளே குனிஃபே மாற்றியிருக்கேன்" என்று சொன்னால் சோதிக்க எளிய வழி உண்டு. வெளியே தெரியும் திருகுகளில் ஒன்றை முழுதாகக் கழற்றி, பிக்கப்பிலிருந்து ஓரடி தள்ளிக் கொண்டுபோய் ஒரு ஸ்டேப்ளர் பின்னில் தொடுங்கள். தானே காந்தமாக இருந்தால் பின் உறுதியாக ஒட்டித் தொங்கும். இரும்பென்றால் எஞ்சிய காந்தத்தில் லேசாக ஒட்டி விழும், அல்லது ஒட்டவே ஒட்டாது. 1970களின் அசல் பிக்கப்பில் இந்தச் சோதனை வேண்டாம். ஐம்பது வருடம் அசையாத திருகு தலை சிதைந்தால் மாற்றுக் கிடைக்காது.

அப்படியானால் மறுவெளியீட்டின் பிக்கப் மோசமா? என் மதிப்பீட்டில் அது மோசமான ஹம்பக்கர் இல்லை. வைட் ரேஞ்ச் என்று அழைக்கத் தகுதியில்லாத, ஆனால் நடுத்தரமான ஒரு ஹம்பக்கர். அதைக் கெடுப்பது சுற்றியுள்ள பாட்கள்.

கணக்கைப் பாருங்கள். வால்யூமும் டோனும் முழுதாகத் திறந்திருந்தாலும் பாட்களின் தடை பிக்கப்புக்கு இணையாக நிற்கும். மேல்சுருதியில் பிக்கப்புக்கு உள்ள ஒத்ததிர்வு மேட்டை அந்தச் சுமை அமுக்கும். 250 கிலோ ஓம் பாட் இரண்டு என்றால் சுமை 125 கிலோ ஓம். 500 இரண்டு என்றால் 250. ஒரு மெகா ஓம் இரண்டு என்றால் 500. 1970களின் டெலிகாஸ்டர் டீலக்ஸில் வைட் ரேஞ்சுக்கு ஒரு மெகா ஓம் பாட்கள்தான் இருந்தன. மறுவெளியீடுகளில் பலவற்றில் 250 வந்தது. ஏற்கெனவே இருளான ஹம்பக்கருக்கு, ஒற்றைச் சுருளுக்கு உரிய பாட்டை வைத்தால் போர்வை போர்த்தியது போலத்தான் கேட்கும்.

ஸ்விட்ச் நடு நிலையில் இன்னும் மோசம். இரண்டு வால்யூம், இரண்டு டோன், நான்கும் இணையாக: 250ல் நான்கு என்றால் வெறும் 62.5 கிலோ ஓம், 500ல் நான்கு என்றால் 125. "நடுவில் வைத்தால் தூங்கிவிடுகிறது" என்ற புகார் அடிக்கடி வருவது இதனால்தான்.

1976ன் அசலில் ஐந்தாவதாக ஒரு மாஸ்டர் வால்யூமும் இருந்தது. 2013ல் அதை எடுத்துவிட்டார்கள். அசலை விரும்புகிறவர்கள் இதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள். பாட்டுக்கு நடுவே இரண்டு பிக்கப்பின் கலவையும் கெடாமல் ஒரே குமிழில் ஒலியைக் குறைக்க முடிவது நல்ல வசதிதான். ஆனால் அதைத் திரும்பச் சேர்த்தால் இன்னொரு சுமை ஏறும். 500 கிலோவில் ஐந்து என்றால் நடு நிலையில் 100 கிலோதான் மிஞ்சும். என்னைக் கேட்டால் ஒலிப்பெடல் போதும், மேல்பலகையில் புதுத்துளை வேண்டாம்.

உங்கள் கிட்டாரில் என்ன பாட் இருக்கிறது என்று அறியத் திறக்கத் தேவையில்லை. எஃப் துளைக்குள் பல் மருத்துவர் வைத்திருக்கும் மாதிரியான சின்னக் கண்ணாடியும் ஒரு டார்ச்சும் நுழைத்துப் பாருங்கள், அல்லது கைபேசிக் கேமராவைத் துளையோடு ஒட்டிப் படம் எடுங்கள். ஆசியத் தயாரிப்புப் பாட்களில் ஏ 500 கே, பி 250 கே என்று அச்சடித்திருக்கும். எண்தான் மதிப்பு. முன்னால் உள்ள ஏ என்றால் மடக்கை வளைவு, பி என்றால் நேர்கோட்டு வளைவு. 500 ஏற்கெனவே இருந்தால் வேலை பாதி மிச்சம், உயரத்தையும் கேபிளையும் மட்டும் பாருங்கள்.

உயரம் சரிசெய்வது காசில்லாத வேலை, அதைத்தான் முதலில் செய்யவேண்டும். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பியின் அடிக்கும் பிக்கப்பின் துருவத் திருகுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். பிரிட்ஜ் பிக்கப்: தடித்த கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6. நெக் பிக்கப்: தடித்த பக்கம் 3, மெல்லிய பக்கம் 2.2. இது ஆரம்பப் புள்ளிதான். அரைப்பொள்ளல் பாடியில் நெக் பிக்கப் தாழ்ந்த சுருதியில் உப்பும், எனவே தயங்காமல் தடித்த பக்கத்தை 3.5 வரைகூட இறக்கலாம். இறக்கிய பிறகு ஒலி மெலிந்தால், மேலே தெரியும் மூன்று மூன்று திருகுகளை மட்டும் அரைச் சுற்று அரைச் சுற்றாக ஏற்றுங்கள். மூடியும் சுருளும் தள்ளி இருக்க, துருவம் மட்டும் கம்பிக்கு அருகே வரும்போது குரல் குவியும், சேறு வடியும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு பிக்கப்பின் ஒலியளவும் சமமா என்று சுத்தமான ஒலியில் கேட்டுப் பாருங்கள். டிஸ்டார்ஷனில் கேட்டால் எல்லாம் சமமாகத்தான் இருக்கும்.

கேபிள் என்றால் பலர் சிரிப்பார்கள், ஆனால் கணக்கு அவர்கள் பக்கம் இல்லை. சாதாரணக் கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். 4.5 ஹென்றி இண்டக்டன்ஸ் உள்ள ஒரு ஹம்பக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் கேபிளோடு, உள் வயரிங்குக்கு ஒரு 100 பிகோஃபாரட் சேர்த்தால், ஒத்ததிர்வு சுமார் 2,800 ஹெர்ட்ஸில் விழும். அதே கேபிள் 3 மீட்டர் என்றால் 3,750 ஹெர்ட்ஸுக்கு ஏறும். காதுக்குத் தெளிவாகத் தெரியும் வித்தியாசம் இது. வீட்டில் 3 மீட்டர் போதும். மேடையில் நீளக் கேபிள் தேவை என்றால் முதல் பெடல் ஒரு பஃபராக (கேபிளின் சுமை பிக்கப்பின் மேல் விழாமல் தடுக்கும் சுற்று) இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகும் மந்தமாக இருந்தால் பாட்களை மாற்றுங்கள். இந்த வகைக் கிட்டாரில் பின்மூடி கிடையாது, எல்லாவற்றையும் எஃப் துளை வழியாக வெளியே எடுத்து உள்ளே தள்ளவேண்டும். பொறுமை வேண்டும், வேறு மந்திரம் இல்லை.

தேவையானவை: 500 கிலோ ஓம் மடக்கை வளைவுப் பாட் நான்கு, 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, உறையிட்ட வயர் ஒன்றரை மீட்டர், 40 வாட் சால்டரிங் அயன், மல்டிமீட்டர், தடித்த அட்டை, நான்கு துண்டு மெல்லிய ரப்பர் குழாய் (மீன்தொட்டிக்குக் காற்று விடும் குழாய் சரியாக இருக்கும்), நூல்.

வாங்குவதற்கு முன் மூன்று அளவு பாருங்கள். ஒன்று, பாட்டின் உடல் எஃப் துளை வழியாக நுழையுமா. அமெரிக்க அளவுப் பாட் 24 மில்லிமீட்டர், சின்னது 16. நுழையாத பாட்டை வாங்கினால் பிக்கப் குழி வழியாகத்தான் இறக்கவேண்டியிருக்கும், அதற்கும் நடுக்கட்டை இடம் விட்டால்தான். இரண்டு, மேல்பலகைத் துளையின் விட்டம். ஆசியப் பாட்டின் கழுத்து மெலிந்தது, அமெரிக்கப் பாட்டுக்கு 9.5 மில்லிமீட்டர் வேண்டும். பெரிதாக்க நேர்ந்தால் டிரில் வைக்காதீர்கள். ஒட்டுப்பலகையின் மேலடுக்கும் வார்னிஷும் பெயர்ந்து வரும். கூம்பு ரீமரைக் கையால் மெதுவாகச் சுற்றி அகலப்படுத்துங்கள். மூன்று, குமிழின் பல்: மெட்ரிக் தண்டில் 18, அமெரிக்கத் தண்டில் 24. பழைய குமிழைப் புதுத் தண்டில் அடித்து ஏற்றிப் பிளந்தவர்கள் நிறைய. இந்த மூன்று தலைவலியும் வேண்டாமென்றால் மெட்ரிக் அளவில் நல்ல தரமான 16 மில்லிமீட்டர் பாட்களே போதும். காந்தத்துக்கும் காதுக்கும் பாட்டின் ஊர் தெரியாது.

பழைய பாட்களின் நட்டைக் கழற்றும் முன் ஒவ்வொரு தண்டிலும் ரப்பர் குழாயைச் செருகி, குழாயின் நுனியில் நூலைக் கட்டிவிடுங்கள். பாட் உள்ளே விழும்போது குழாய் துளையிலேயே நிற்கும். அட்டையைக் கிட்டார் மேல் வைத்துத் துளைகளைக் குறித்து வெட்டினால் அதுவே உங்கள் வேலைப் பலகை. புதுப் பாட்கள், ஸ்விட்ச், ஜாக் எல்லாவற்றையும் அதில் அதே இடைவெளியில் பொருத்திச் சால்டர் செய்யுங்கள். வயரை அளவுக்கு வெட்டாமல் ஒவ்வொன்றிலும் 3 சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள். இல்லையென்றால் கடைசிப் பாட்டை இழுக்கும்போது முதல் பாட்டின் இணைப்பு பிய்யும். பாட்டின் முதுகில் தரை வயரை ஒட்டும்போது முதுகை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு வையுங்கள். 25 வாட் அயனை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சுட்டால் ஈயம் ஒட்டுவதற்குள் உள்ளே கார்பன் தடம் வெந்துபோகும். 40 வாட்டில் நான்கு விநாடி, முடிந்தது.

உள்ளே தள்ளும் முன் ஜாக்கில் கேபிளைச் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டர் வையுங்கள். வால்யூம் 10ல் ஒவ்வொரு பிக்கப்பும் அதன் சொந்த மின்தடையைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். 10 கிலோ ஓம் பிக்கப், 500 பாட்டோடு 9.8 காட்டும். 250 பாட்டாக இருந்தால் 9.6. சுழியம் வந்தால் எங்கோ முட்டுகிறது. சில நூறு கிலோ ஓம் வந்தால் பிக்கப் வயர் விடுபட்டிருக்கிறது. ஆம்பில் போட்டு ஸ்க்ரூடிரைவரால் மூடியைத் தட்டிப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் மட்டும் நூலை இழுங்கள். ஜாக்கிலிருந்து தூரத்தில் இருக்கும் பாட் முதலில், ஜாக் கடைசியில்.

ஒரு மெகா ஓம் போட்டால் இன்னும் பிரகாசமாகுமே என்று தோன்றும். பத்தில் வைத்து வாசிக்கிறவருக்கு ஆம். வால்யூமைக் குறைத்து வாசிக்கிறவருக்கு வினையாகும். பாட் பாதியில் நிற்கும்போது அதன் வெளியீட்டுத் தடை மொத்த மதிப்பில் கால்பங்கு வரை ஏறும். ஒரு மெகாவில் அது 250 கிலோ, 500ல் 125. அந்தத் தடையும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து மேல்சுருதியைத் தின்னும். 500க்கே, குறைக்கும்போது மங்குகிறது என்றால், வால்யூமின் உள்ளீட்டுக் காலுக்கும் நடுக்காலுக்கும் குறுக்கே 1 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இணையாகப் போடுங்கள். டோன் கெப்பாசிட்டரை மாற்றினால் மந்தம் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டோன் பத்தில் இருக்கும்போது அதன் மதிப்பு கிட்டத்தட்ட எதையும் மாற்றாது.

பிக்கப்பை மாற்றுவது கடைசி. மாற்றுவதானால், குழி பெரியது என்பதை மறக்காதீர்கள். சாதாரண ஹம்பக்கரை வைத்தால் ஓரத்தில் இடைவெளி தெரியும், அதற்குரிய வளையம் வேண்டும். வைட் ரேஞ்ச் அளவு மூடியிலேயே உண்மையான அகலச் சுருளோடு செய்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் லொல்லரும் கர்டிஸ் நோவாக்கும், இங்கிலாந்தில் கிரீமரியும் அப்படிச் செய்கிறார்கள். ஃபெண்டரே குனிஃபே பிக்கப்பைத் தனியாகவும் விற்கிறது. குனிஃபேக்குப் பதிலாக இரும்பு, குரோமியம், கோபால்ட் கலவையில் மரை வெட்டிய காந்தம் வைப்பவர்களும் உண்டு. வாங்கும்போது கேட்கவேண்டிய ஒரே கேள்வி: துருவத் திருகு தானே காந்தமா, அடியில் பட்டையா? "பட்டை" என்று பதில் வந்தால் நீங்கள் வாங்குவது இன்னொரு மூடிதான். நீளமான திருகுக் காந்தங்கள் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். குழியின் ஆழத்தை அளந்து அனுப்பிக் கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள், நடுக்கட்டையை உளியால் தோண்டும் நிலை வரவேண்டாம்.

ஃபீட்பேக்கையும் பிக்கப்பின் மேல் போடுகிறவர்கள் உண்டு. பிரித்தறிவது எளிது. ஆம்புக்கு முன் நின்று ஊளை வந்ததும் எல்லாக் கம்பியையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். அடங்கினால் அது கம்பியும் பாடியும் சேர்ந்து செய்வது. ஆம்புக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், தாழ்சுருதியைக் குறையுங்கள், எஃப் துளைக்குள் மெத்தைப் பஞ்சுத் துண்டு ஒன்றைத் தளர்வாகச் செருகுங்கள். கம்பியை அழுத்தியும் கீச்சென்ற உயர்ந்த ஒலி தொடர்ந்தால் சுருள் தளர்ந்திருக்கிறது, அல்லது மூடி அதிர்கிறது. அதற்கு மெழுகு ஊட்டவேண்டும்: 80 பங்கு பாரஃபின், 20 பங்கு தேன்மெழுகு, வெந்நீரில் வைத்த பாத்திரத்தில் 60 முதல் 65 டிகிரி, 15 முதல் 20 நிமிடம், குமிழி வருவது நிற்கும்வரை. நேரடித் தீயில் மெழுகை வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். 70 டிகிரிக்கு மேல் போனால் சுருளைத் தாங்கும் பிளாஸ்டிக் நெளியும். மறுவெளியீட்டின் மூடிக்குள் ஏற்கெனவே நிறைந்திருக்கும் மெழுகு இளகி வழியும் என்பதால் கம்பியில் தொங்கவிட்டே முக்குங்கள்.

கையை எடுத்தால் இரைச்சல் வருகிறது, கம்பியைத் தொட்டால் நிற்கிறது என்றால் அது வழக்கமானது. ஹம்பக்கராக இருந்தும் ரொம்பப் பலமாக வந்தால் முதலில் வீட்டுப் பிளக்கின் மூன்றாவது முனையில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் பாதிப் பழைய வீடுகளில் அது அலங்காரத்துக்குத்தான். கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் மாறவே இல்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் தரை வயர் அறுந்திருக்கும். அசலில் கம்பிகள் பாடிக்குள்ளாகப் போய் ஸ்ட்ராட் போன்ற நிலைப் பிரிட்ஜில் உட்காரும். மறுவெளியீட்டில் கிப்ஸனின் டியூனோமேட்டிக் மாதிரி பிரிட்ஜும், கம்பியின் முனையைப் பிடிக்கும் தனி டெயில்பீஸும். தரை வயர் அந்த டெயில்பீஸ் தூணின் குழிக்குள் செருகியிருக்கும். தூணை யாராவது ஒருமுறை பிடுங்கியிருந்தால் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். டெயில்பீஸிலிருந்து ஜாக்கின் வெளி வளையத்துக்கு மல்டிமீட்டர் வைத்தால் சுழியத்தை ஒட்டி வரவேண்டும்.

பேரம் பேசப் போகும்போது இந்த மல்டிமீட்டரையும் சின்னக் கண்ணாடியையும் கொண்டுபோங்கள். இரண்டு பிக்கப்பின் மின்தடை, டெயில்பீஸ் தரை, பாட்டின் அச்சு எண், மூன்றையும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிறகு எஃப் துளையின் கூர்முனைகளில் ஒட்டுப்பலகை அடுக்குப் பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். ஜாக் உள்ள இடத்தில் பலகை உள்வாங்கியிருக்கிறதா பாருங்கள், கேபிளை மிதித்து இழுத்த தடம் அங்கேதான் முதலில் தெரியும். 250 என்று அச்சு இருந்தால் நான்கு பாட்டின் விலையையும் வேலைக்கூலியையும் கழித்துக் கேளுங்கள். பிக்கப் மாற்றும் செலவைக் கழிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், உயரத்தையும் பாட்டையும் சரிசெய்த பிறகு உங்களுக்கு அது தேவைப்படாமலே போகலாம்.